ஹைப்பர்சார்ஜில் விட்ட அரை

அந்த அரையை மறந்துவிடுங்கள் என்று வகுப்பில் சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் போகப்போக இன்னொருத்தர்மேல் பழியைத் தள்ளிவிட எனக்கு ஆசை வந்துவிடும். என் குணம் எனக்குத் தெரியும்.

நான் குடியிருப்பது திண்டிவனத்தில். ஊரைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரம் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் முதுகலை இயற்பியலுக்குப் பாடம் எடுக்கிறேன். அணுக்கருவும் துகள்களும் வருகிற தாள் வருஷா வருஷம் என் தலையில்தான் விழும். அதில் கடைசி அலகைத் தொட மற்றவர்களுக்குப் பயம். கடைசி அலகில்தான் மின்மென்விசைக் கோட்பாடு வருகிறது. மின்விசையும், சில அணுக்கருக்களைச் சிதைய வைக்கும் மென்விசையும் ஒரே வேரிலிருந்து பிரிந்தவை என்று சொல்கிற கோட்பாடு அது. எனக்கு அதன்மேல் ஒரு பைத்தியம். மார்ச் மாதக் கடைசியில், பாதி வகுப்பு காலியாகக் கிடக்கிற மதியத்தில்கூட அதை எடுக்கும்போது என் குரல் தானாக ஏறிவிடும்.

காலியான வகுப்பிலும் ஒருத்தர் முதல் பெஞ்சில் இருப்பார். அவர் விதிப்படி என் மாணவி கிடையாது. படிப்புக் காலம் முடிந்து போயிருந்தது, இந்த ஒரு தாள் மட்டும் அரியர். மூன்று முறை எழுதியும் தேறவில்லை. முதல் இரண்டு தடவை படிக்க நேரமில்லை, மூன்றாவது தடவை பரீட்சை அன்று குழந்தைக்கு டெங்கு. வயதில் எனக்கு அவர் ஒரு மாதம் மூத்தவர். அது பேச்சுவாக்கில் தெரிந்த நாளிலிருந்து எனக்கு அவரை நீ என்று சொல்ல வரவில்லை. மரக்காணம் பக்கம் கடலோரக் குப்பம், வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். இவர் அங்கே ஒரு பள்ளியில் இயற்பியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வகுப்பில் வந்து உட்காரட்டுமா என்று என்னைக் கேட்டார், உட்காருங்கள் என்றேன்.

அவருக்கு இந்தத் தாள் எதற்கு என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பள்ளியில் பிளஸ் டூவுக்கு இயற்பியல் எடுத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். முதுகலை முடித்துவிட்டால் ஜூனில் அந்த வேலை உங்களுக்கு என்று தாளாளர் இவரிடம் சொல்லியிருந்தார். ஆறு வருஷமாக அடுத்தவர் பாடம் எடுக்கும்போது கம்பியும் காந்தமும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவருக்கு, தானே பலகை முன்னால் நிற்க ஒரு வாய்ப்பு. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிடும். “இந்த ரெண்டு மாசம் அவரு சோறாக்கிக்கினு புள்ளைங்களப் பாத்துக்கறேன்னாரு மேடம். இந்த வாட்டி வுட்டா அவ்ளோதான்” என்று அவர் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். 

நான் பலகையில் எழுதிய பாடம் இதுதான். இடக்கைச் சுழற்சி கொண்ட எலக்ட்ரானும் நியூட்ரினோவும் மென்விசைக்கு ஒரே ஜோடியின் இரண்டு பேர். ஜோடியில் யார் மேலே, யார் கீழே என்று சொல்கிற எண் ஐசோஸ்பின். நியூட்ரினோவுக்குக் கூட்டல் அரை, எலக்ட்ரானுக்குக் கழித்தல் அரை. ஜோடிக்குப் பொதுவாக இன்னொரு எண் இருக்கிறது, அது ஹைப்பர்சார்ஜ். இருவருக்கும் கழித்தல் அரை. இந்த இரண்டு எண்களையும் கூட்டுங்கள். நியூட்ரினோவுக்குப் பூச்சியம் வரும், எலக்ட்ரானுக்குக் கழித்தல் ஒன்று வரும். நாம் காலங்காலமாக மின்னூட்டம் என்று சொல்லிக்கொண்டிருப்பது இந்தக் கூட்டுத்தொகையைத்தான்.

அப்படியென்றால் ஆதியில் மின்னூட்டம் என்று தனியாக ஒன்று கிடையாது. இந்த இரண்டு எண்கள்தான் இருந்தன. உலகம் சூடு தணிந்தபோது ஒரு புலம் வெற்றிடம் முழுக்க நிறைந்து நின்றுவிட்டது. அதற்கும் இந்த இரண்டு எண்களும் உண்டு: ஐசோஸ்பின் கழித்தல் அரை, ஹைப்பர்சார்ஜ் கூட்டல் அரை. தனித்தனியாகப் பார்த்தால் அது இரண்டின் ஒழுங்கையும் கலைத்துவிடுகிறது. கூட்டிப் பார்த்தால் அதற்குப் பூச்சியம். ஆகவே அந்தக் கூட்டுத்தொகையை மட்டும் அந்தப் புலத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அப்படித் தப்பித்தது எதுவோ அதுதான் மின்னூட்டம். மின்னூட்டத்தோடு மட்டும் உறவு வைத்திருக்கிற ஒளித்துகளுக்கு நிறை வராமல் போனதும் இதனால்தான். இதைச் சொல்லி முடிக்கும்போது எனக்கு ஒவ்வொரு வருஷமும் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். கடைசி பெஞ்சில் தூங்குகிறவர்களை எழுப்பித் திட்டுவதும் அப்போதுதான்.

இப்போது அந்த அரைக்கு வருகிறேன். பல புத்தகங்களில் ஹைப்பர்சார்ஜை இரட்டிப்பாக அளப்பார்கள். நான் கழித்தல் அரை என்று எழுதுகிற இடத்தில் அவர்கள் கழித்தல் ஒன்று என்று எழுதுவார்கள். பிறகு கூட்டும்போது அதில் பாதியை மட்டும் எடுத்துக் கூட்டுவார்கள். அவர்கள் சூத்திரத்தில் நிற்கிற அந்த அரை இதுதான். விடையில் ஒரு மாற்றமும் இல்லை. எங்கள் கல்லூரி நூலகத்தில் இருக்கிற பழைய புத்தகத்திலும் அப்படித்தான். நான் படித்து மயங்கியது வேறு புத்தகம், அதில் இந்த அரை இல்லை. இருமடங்காக்கிப் பிறகு பாதியாக்குவது எனக்கு எரிச்சலாக இருக்கும். வேண்டாத வேலை என்று தோன்றும். “அந்த அரையை மறந்துடுங்க, யாரோ பழக்கதோஷத்துல ஒட்டினது” என்று சொல்லி அதைப் பலகையிலிருந்து உள்ளங்கையாலேயே அழித்தேன்.

அவர் உடனே புரிந்துகொண்டார். எங்க ஊரில் சின்னக் கூடையில் இரண்டு என்பார்கள், வியாபாரி வந்து பெரிய கூடையில் ஒன்று என்பான், மீன் அதே மீன்தான் என்றார். வகுப்பே சிரித்தது. பிறகு பரீட்சையில் எப்படி எழுதுவது என்று கேட்டார். எப்படி எழுதினால் என்ன, சூத்திரத்தை மேலே எழுதிவிட்டு எழுதுங்கள், கூட்டல் சரியாக வரும், எவனும் மார்க்கைக் குறைக்க முடியாது என்றேன். எவனும் என்று சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. திமிர், வேறென்ன.

அவர் இன்னொன்றும் கேட்டார். எலக்ட்ரானின் மின்னூட்டம் கழித்தல் ஒன்று என்று நமக்கு முன்பே தெரியும், அதைப் பார்த்துத்தானே ஹைப்பர்சார்ஜுக்குக் கழித்தல் அரை என்று போட்டோம், பிறகு ஹைப்பர்சார்ஜிலிருந்து மின்னூட்டம் வருகிறது என்றால் என்ன அர்த்தம் என்று.  எந்தக் கூட்டுத்தொகை பிழைக்கும் என்பதைக் கோட்பாடு சொல்கிறது. இந்தத் துகளுக்கு இவ்வளவு, அந்தத் துகளுக்கு அவ்வளவு என்கிற விகிதங்களையும் கணக்கு உடையாமல் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஓரளவு கட்டிப்போடுகிறது. அதற்கு மேல் ஏன் இந்த எண் என்று கேட்டால், எனக்குத் தெரிந்து யாரிடமும் முடிவான பதில் இல்லை. இதைத்தான் சொன்னேன். தெரியாது என்று ஒரு வாத்தியார் சொல்லி அவர் அன்றைக்குத்தான் முதலில் கேட்டாராம். நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார்.

அவருடைய ஒரே பலவீனம் கழித்தல் குறி. எண்ணைச் சரியாகப் போடுவார், குறியை விட்டுவிடுவார். அதனால் கழித்தல் வருகிற இடத்திலெல்லாம் குறியைச் சுற்றி ஒரு சின்ன வட்டம் போட்டுப் பழகுங்கள் என்று நான் சொல்லியிருந்தேன். எங்கும் கண்டதில்லை அப்படி ஒரு வழக்கம், நானே அவருக்காகக் கண்டுபிடித்தது. சிரத்தையாகப் போட்டுக்கொண்டே வந்தார்.

மே மாதம் விழுப்புரத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம். போன முதல் நாள் அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் பஸ்ஸை நிறைத்துவிட்டதால் விழுப்புரம்வரை நின்றுகொண்டே போனேன். ஒரு பள்ளிக்கூடத்து ஹாலில் வரிசையாக மேசைகள், தலைக்கு மேலே காற்றே வராத ஃபேன்கள். ஆளுக்கு ஒரு கட்டு, கூடவே விடைக்குறிப்பு. திருத்துகிறவர்கள் அதைக் கீ என்போம். தாள்களில் பெயர் இருக்காது, பொய்யெண்தான் இருக்கும். நம் கல்லூரித் தாள் நம்மிடம் வரக்கூடாது என்பது விதி. ஆனால் இந்தப் பாடத்தில் எழுதுகிறவர்களும் கொஞ்சம், திருத்துகிறவர்களும் கொஞ்சம். கலைத்துப் போட்டால் எது எங்கே போகும் என்று கலைத்தவருக்கே தெரியாது.

கீயைப் படித்தபோது அந்தக் கேள்வியில் கண் நின்றது. முதல் தலைமுறை லெப்டான்களுக்கு, அதாவது எலக்ட்ரானுக்கும் நியூட்ரினோவுக்கும், ஐசோஸ்பினும் ஹைப்பர்சார்ஜும் எழுதி மின்னூட்டத்தைப் பெறுக. பத்து மதிப்பெண். சூத்திரத்துக்கு இரண்டு, ஹைப்பர்சார்ஜ் மதிப்புகளுக்கு ஆறு, விடைக்கு இரண்டு. சூத்திரத்தில் அரை இருந்தது. ஜோடிக்கு ஹைப்பர்சார்ஜ் கழித்தல் ஒன்று. வேறு முறையில் எழுதினாலும் ஏற்கலாம் என்று ஒரு வரி இருக்கும் என்று தேடினேன், இல்லை. பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். அப்போதுகூட எனக்குப் பயம் வரவில்லை.

மதியம் சாப்பிட்டு வந்து எடுத்த நாலாவது தாளில் கழித்தல் குறிகளைச் சுற்றி வட்டங்கள் இருந்தன.

 பக்கத்து மேசைக்காரர் பார்க்கிறாரா என்று பார்த்தேன். சூத்திரம் மேலே தெளிவாக எழுதப்பட்டிருந்தது, அரை இல்லாமல். ஜோடிக்கு வட்டமிட்ட கழித்தல் அரை. ஜோடி இல்லாமல் தனியாக நிற்கிற வலக்கை எலக்ட்ரானுக்கு வட்டமிட்ட கழித்தல் ஒன்று. வெற்றிடத்தை நிறைத்த புலம் ஏன் மின்னூட்டத்தைக் கலைப்பதில்லை என்று கேட்காமலேயே இரண்டு வரி. ஒரு குறிகூடத் தவறவில்லை. பத்துக்குப் பத்து போட்டேன். மொத்தம் கூட்டினேன், ஐம்பத்து நாலு வந்தது. ஐம்பது வந்தால் தேர்ச்சி. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அழுகை வரும்போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

தலைமைத் தேர்வாளர் ஒவ்வொரு கட்டிலும் சில தாள்களை எடுத்துச் சரிபார்ப்பார். நல்ல மனிதர், ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தது. அவர் கையில் அந்தத் தாள்தான் வந்தது. கீயையும் தாளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கீயில் இருப்பது ஒன்று, இங்கே இருப்பது ஒன்று, எப்படிப் பத்து என்று கேட்டார். நான் இரண்டு முறைகளையும் ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அவருக்குப் புரியாமல் இல்லை. எனக்கும் தெரிகிறது என்றார். ஆனால் இந்தக் கீ எல்லா முகாமுக்கும் போயிருக்கிறது, மற்ற இடங்களில் பாதித் தாள்கள் திருத்தி முடிந்துவிட்டன, இங்கே ஒரு மாதிரி அங்கே ஒரு மாதிரி போட முடியாது என்றார். நான் விடவில்லை. பாடக்குழுத் தலைவருக்கு போன் போடுங்கள் என்றேன். போட்டார். அந்தப் பக்கம் பேசியது எனக்குக் கேட்கவில்லை. இவர் சரிங்க சரிங்க என்று நாலு முறை சொன்னார், அதிலேயே தெரிந்துவிட்டது.

நான் குரலை உயர்த்திவிட்டேன். இது கருத்து வேறுபாடு கிடையாது, இது சரியான விடை, சரியான விடைக்கு மார்க் வெட்டுவது பாவம் என்றேன். ஹாலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. என் முகத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டார்.

“ஏம்மா இவ்ளோ டென்ஷன் ஆவறீங்க? தெரிஞ்சவங்க பேப்பரா?”

ஆமாம் என்று சொன்னால் கட்டை என்னிடமிருந்து வாங்கிவிடுவார்கள். அந்தத் தாள் வேறொருவரிடம் போகும், அவர் கீயைப் பார்த்து இரண்டு போடுவார். என்மேல் விசாரணை வரும், அதோடு போனால் பரவாயில்லை, தாளில் அடையாளம் வைத்ததாக அதை எழுதியவர்மேலும் வரும். அந்த வட்டங்களை அடையாளம் இல்லை என்று நான் எப்படி நிரூபிப்பது? இதெல்லாம் ஒரு மூச்சு இழுப்பதற்குள் மனதில் ஓடியது.

இல்லீங்க சார் என்றேன்.

அப்போ அடிச்சிடுங்க என்றார். பத்தை அடித்தேன். பக்கத்தில் இரண்டு என்று போட்டேன். விடை மட்டும் கீயோடு ஒத்துப்போனதால் அந்த இரண்டு. அடித்த இடத்தில் திருத்தியவரின் இனிஷியல் இருக்க வேண்டும், அதையும் போட்டேன். மொத்தம் நாற்பத்தாறு. அவர் போன பிறகு அந்தத் தாளை முதல் பக்கத்திலிருந்து இரண்டு தடவை படித்தேன், எங்காவது நான் கவனிக்காமல் விட்ட நாலு மதிப்பெண் ஒளிந்திருக்கிறதா என்று. மற்றக் கேள்விகளில் எனக்குத் தாராள மனசு அன்று காலையிலிருந்தே இருந்திருக்கிறது, கொடுக்க வேண்டியதையெல்லாம் கொடுத்துவிட்டிருந்தேன். அணு உலைக் கேள்வியில் அவர் எழுதியது நிஜமாகவே தப்பு. அதற்குப் போட என் கை வரவில்லை. அந்த நேரத்தில் எனக்கு எதற்கு நேர்மை வந்து தொலைத்தது என்று இன்றைக்கும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

பாடக்குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு முறைகளையும் ஏற்க வேண்டும் என்று, புத்தகங்களின் பக்கங்களை நகலெடுத்து வைத்து. வருங்காலத்தில் பரிசீலிக்கப்படும் என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஜூனில் முடிவுகள் வந்தன. அவர் போன் செய்து, போய்டுச்சி மேடம் என்று மட்டும் சொன்னார். மறுமதிப்பீட்டுக்குப் போடட்டுமா என்று கேட்டார். மறுமதிப்பீடு செய்கிறவரும் அதே கீயைத்தான் வைத்துக்கொண்டு உட்காருவார். போடுங்க என்றேன், வேறு என்ன சொல்வது. அடுத்த வாரமே பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. பிளஸ் டூவுக்குப் புதுச்சேரியிலிருந்து ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். இருபத்து மூன்று வயதாம். அந்தப் பெண்ணுக்குத்தான் இப்போது இவர் கம்பியும் காந்தமும் எடுத்துக் கொடுக்கிறார்.

ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மரக்காணம் பஸ்ஸில் வந்து இறங்கி என் வீட்டுக்கே வந்துவிட்டார். கையில் ஒரு கவர். மறுமதிப்பீட்டுக்கு முன்னால் விடைத்தாளின் நகல் வாங்கலாம் என்று யாரோ சொன்னார்களாம், பணம் கட்டி வாங்கியிருக்கிறார்.  டீ போடுகிறேன் என்று உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றேன். வெளியே வந்தபோது தாளை மேசையில் விரித்து, ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க ஓரத்தில் தன் செல்போனை வைத்திருந்தார்.

அந்தப் பக்கம்தான். அடித்த பத்து, பக்கத்தில் இரண்டு, என் இனிஷியல்.

“உங்க கையின்னு பாத்த ஒடனே தெரிஞ்சிச்சி மேடம்” என்றார். முகத்தில் கோபமே இல்லை, ஒருவிதத் தெம்புகூட இருந்தது. “வேற யாராவது போட்டிருந்தா சண்ட போட்டிருப்பேன். மொதல்ல பத்து போட்டிருக்கீங்க. அப்புறம் அடிச்சிட்டு ரெண்டு. அப்போ பத்து போட்டப்ப கண்ணுல படாத தப்பு ஏதோ அப்புறம் பட்டிருக்கு. அத்த மட்டும் காட்டுங்க, நவம்பர்ல திருத்திக்கறேன்.”

தப்பு எதுவும் இல்லீங்க என்றேன். அவர் நம்பவில்லை. மனசு கஷ்டப்படும் என்று மறைக்காதீர்கள் என்றார். அப்புறம் நான் எல்லாவற்றையும் சொன்னேன். கீயில் இருந்த அரையை, தலைமைத் தேர்வாளரை, போனை, இல்லீங்க சார் என்று சொன்னதை, ஒன்றையும் விடவில்லை. சொல்லும்போது என் குரல் எனக்கே யாரோ சாக்குச் சொல்கிற மாதிரி கேட்டது.  நான் முடித்ததும் அவர் தாளை எனக்கு நேராகத் திருப்பினார். பிறகு பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“சரியின்னு தெரிஞ்சிக்கினு நீங்க அடிச்சிருக்க மாட்டீங்க மேடம். நல்லா பாருங்க, எங்கியோ இருக்கும்.”